மாப்பிள்ளைக்குக் கட்டிய ரீல்

கார்க் பிடி போட்ட தூண்டில் ராடில் ரீலைப் பொருத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மேடம். பிடியின் மேல் இரண்டு உலோக வளையங்கள் நகரும். ரீலின் காலில் முன்னும் பின்னுமாக இரண்டு நாக்குகள் இருக்கும். முன் நாக்கை ஒரு வளையத்துக்குள் செருகிவிட்டு, மற்ற வளையத்தைப் பின் நாக்கின் மேல் ஏற்றித் தள்ளினால், கார்க் கொஞ்சம் அமுங்கி இடம் கொடுக்கும். அதற்கு மேல் கறுப்பு டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். வெயிலில் கார்க் காய்ந்தால் சுருங்கும், வளையம் தளரும். டேப் சரியாக இருந்தால் ரீல் அப்போதும் அசையாது.

என் பெயர் கோதண்டம். எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஃபைபர் படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முழங்கால் போன பிறகு முகத்துவாரத்தில் தூண்டில் போடுவதோடு சரி. மனைவி பச்சையம்மா. ஒரே மகள், மகிழினி.

மருமகன் பாரி வியாசர்பாடிப் பையன். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். சாதி பார்த்துத்தான் செய்தேன் என்று யாராவது சொன்னால் அதை எழுதிக்கொள்ளாதீர்கள். சொந்தக்காரர்கள் வராதபோதும் அந்தக் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவன் நான். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், எங்கள் தெருவிலேயே குடியிருக்க வேண்டும் என்று. பாரி சரி என்றான். அடுத்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடிவந்தான். மகிழினி சமையலுக்குத் தாளிக்கிற வாசனை என் வீட்டுக்கு வரும். ஒரு தகப்பனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

மகிழினிக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. எண்ணூரில் அது இல்லாத வீடு குறைவு. கொடியில் காயும் வேட்டியை உதறினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறக்கும். அதில்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம். அவள் மாசமான பிறகு இளைப்பு அதிகமானது. படுக்க முடியாமல் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்தக் காற்று ஆகாது, வேறு ஊருக்குப் போங்கள் என்று டாக்டரம்மா பாரியிடம் சொன்னார்களாம். அதை அவன் என்னிடம் வந்து சொன்னான்.

“மாமா, ஒசூர்ல கம்பெனி எடம் குடுக்குது. மகிழினிய இட்டுகினு போயிடலாம்னு கீறேன்.”

“பிரசவம்?”

“அங்கயே பாத்துக்கலாம். இங்க ராவெல்லாம் மூச்சு வாங்கிகினு ஒக்காந்துகினு கீது. பாக்க முடில மாமா.”

“இங்க கீறவங்கல்லாம் செத்தா பூட்டாங்க?”

“நீங்களும் அத்தையும் எங்க கூடவே வந்துடுங்க. உங்களுக்குன்னு தனியா ரூம் கீது. பாத்துட்டுதான் வந்தேன்” என்றான்.

நல்ல மனதோடு சொன்னான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டருகே மகள் இருப்பது வேறு, மகள் வீட்டு ரூமில் நான் இருப்பது வேறு. இது ஆண் பிள்ளை பெற்றவர்களுக்குப் புரியாது.

எனக்குத் தெரிந்த வழியெல்லாம் செய்து பார்த்தேன். இளைப்பு வந்தால் அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள் என்று மகிழினியிடம் சொன்னேன். அவன் பயப்படுவதால்தானே போக வேண்டும் என்கிறான். என் பேச்சைக் கேட்டு ஒருநாள் அடக்கிக்கொண்டாள். உதடு நீலமாகிவிட்டது. பாரிதான் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். அதன் பிறகு அவன் முடிவில் மாற்றமே இல்லை.

ஒரு சாயங்காலம் கழிமுகக் கரையில் அவன் காலில் விழுந்தேன். என் வயதில் மருமகன் காலில் விழுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவன் பதறிப்போய் என்னைத் தூக்கினான். அழுதான். மனதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது பச்சையம்மாவும் என் பக்கம் பேசவில்லை.

“இன்னா மனுசன்யா நீ. அதும் மூச்சு வுட வேணாமா?” என்றாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் ஒவ்வொரு அட்டைப்பெட்டியாகக் கட்டி அடுக்குவதை என் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பெட்டிகள் கூடக் கூட எனக்கு நெஞ்சை அடைக்கும். எனக்கும் மூச்சு வாங்கியது, மேடம். என்னை யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாரி புது ராடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். கார்க் பிடி, நல்ல ரீல். “போறதுக்கு முன்னாடி உங்க கூட நின்னு ஒரு கொடுவா புடிக்கணும் மாமா. நீங்களே கட்டிக் குடுங்க” என்றான். என்னைச் சமாதானப்படுத்தத்தான் வாங்கினான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தூண்டிலில் ஆசை கிடையாது. நீச்சலும் தெரியாது.

நான் கட்டிக் கொடுத்தேன். பின் வளையத்தை நாக்கின் நுனியில் மட்டும் தொற்ற வைத்தேன். பசை போன பழைய டேப் ஒன்று கிடந்தது. அதை அழகாகச் சுற்றினேன். பார்ப்பதற்கு இறுக்கமாகத்தான் இருந்தது. பாரி லிஃப்டுக்கு அடியில் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்க்கிறவன். ராடை வாங்கி ஒருமுறை ஆட்டிவிட்டு, “டைட்டா கீதா மாமா?” என்றான்.

“நான் கட்னது” என்றேன்.

அதற்கு மேல் அவன் பார்க்கவில்லை.

கோயிலில் கூழ் வார்க்கிற அன்று போனோம். ஊரே கோயிலில் இருந்தது. முகத்துவாரத்துப் பாறைகளில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. நாளைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். தூண்டில் போடுவதற்கு முன் டிபன் சாப்பிடலாம் என்று சொல்லி, அவன் ராடை வெயிலில் சாத்திவைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவன் கேட்டான். இரண்டு மூன்று பெயர் சொன்னேன். ஒன்று அவனுக்குப் பிடித்திருந்தது.

பிறகு அவனைக் கடைசிப் பாறையில் நிற்க வைத்தேன். அங்கே பாசி அதிகம். கழியிலிருந்து வடிகிற நீர் அந்த இடத்தில்தான் கடலுக்குள் வேகமாக இழுக்கும். கொடுவா அங்கேதான் நிற்கும், அதில் பொய் இல்லை. உயிர் இறாலைக் கோத்துக் கொடுத்தேன். மீன் இழுத்தால் நன்றாகப் பின்னால் சாய்ந்து பிடி என்று சொன்னேன். ரீல் கழன்று, மீன் போய், அவன் தண்ணீரைப் பார்த்துப் பயந்தால் போதும் என்று நினைத்ததாகத்தான் இத்தனை நாள் எனக்கே சொல்லி வந்தேன். ஆனால் அப்படிச் சாய்ந்து நிற்கிறவன் கையிலிருந்து ரீல் பிய்த்துக்கொண்டு போனால் என்ன ஆவான் என்பது எனக்குத் தெரியும்.

மீன் அடித்தது. பெரிய மீன். ராடு வளைந்தது. “மாமா, மாட்டிகிச்சு” என்று சிரித்தான். அப்போது ரீல் கழன்று, தூண்டில் நரம்போடு மேலே ஓடி, நரம்பு நுழைகிற முதல் வளையத்தில் அடித்தது. அதைப் பிடிக்கத் தாவினான். கால் வழுக்கியது.

விபத்து என்று விசாரித்தபோது, உடனே போய்விட்டான் என்றுதான் இந்த ஸ்டேஷனில் சொன்னேன். அப்படி இல்லை. பாறை இடுக்கு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே நீர் இழுத்துக்கொண்டிருந்தது. என் தோளில் நைலான் கயிறு இருந்தது. நான் எப்போதும் கயிறு இல்லாமல் பாறைக்குப் போக மாட்டேன்.

“மாமா, கை குடு” என்றான்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவன் முகம் எனக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

“மகிழினிய இங்கயே வுட்டுட்றியா?” என்று கேட்டேன்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி கேட்டேன்.

“சரி மாமா. வுட்டுட்றேன். கை குடு மாமா.”

“ஒசூர் போ மாட்டியே?”

“போ மாட்டேன். சத்தியமா மாமா.”

நான் யோசித்தேன். அவசரப்படவில்லை. தண்ணீரில் கிடக்கிறவன் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வான். கரையேறி, துணி காய்ந்த பிறகு, டாக்டரம்மா சொன்னது அவனுக்கு மறுபடி ஞாபகம் வரும். அட்டைப்பெட்டிகள் அங்கேதான் இருக்கின்றன. நான் எழுந்து நின்றுகொண்டேன். அவன் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை, மகிழினியைக் கூப்பிட்டான். அடுத்த அலையில் கை விட்டுப்போனது.

நான் கோயில் வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினேன். அந்த அழுகை நடிப்பில்லை. நல்ல பையன், மேடம்.

மகிழினி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். குழந்தையும் பிறந்தது, பெண் குழந்தை. பாரிக்குப் பிடித்திருந்த பெயரையே வைக்கச் சொன்னேன். மகிழினி என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் வீட்டில் இருந்தாள். இளைப்பு வரும்போது நான்தான் முதுகைத் தடவிக்கொடுப்பேன். கொஞ்ச காலம் எல்லாம் சரியாக இருந்தது.

இப்போது பாரியின் கம்பெனியில் இரக்கப்பட்டு ஒசூர் ஆபீசில் அவளுக்கே வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கும் நெஞ்சு கர்கர் என்கிறது. நேற்று பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள பச்சையம்மாவும் போகிறாள்.

“அவரு பாத்து வெச்ச வூடுப்பா அது. நான் போறேன். நீயும் வா” என்றாள் மகிழினி.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை விட்டுத் தலை நிமிரவில்லை. அதனால்தான் விடிந்ததும் இங்கே வந்தேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் மாற்றிச் சொல்ல மாட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கொலைக் கேஸ் என்றால் அவளை விசாரிக்க வேண்டியிருக்கும், கோர்ட்டுக்கும் வரவேண்டியிருக்கும். கேஸ் முடிகிற வரைக்கும் அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிடலாம் அல்லவா, மேடம்?