ஆயுத பூஜையில் குளித்த ரூட்டர்

"ஹலோ... ஹலோ... பாய், கேக்குதா?... நான்தான், கண்ணாயிரம்... ஆங், மலையடிவாரத்து கண்ணாயிரம்தான், வேற எவன் இந்த வெயில்ல உனுக்கு போன் பண்ணுவான்... இரு இரு, வெச்சிடாத, தொட்டி மேல ஏறிக்கிறேன்..."

கண்ணாயிரம் மோட்டார் கொட்டகைக்கு எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றார். கல்வராயன் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சங்கராபுரம் பக்கம் பார்த்து நின்றால்தான் அவருடைய போனுக்கு இரண்டு கோடு சிக்னல் வரும். சிக்னல் ஒரு சாக்கு. வீட்டிலிருக்கும் இரண்டு பெண்களின் காதிலும் இந்தப் பேச்சு விழக் கூடாது என்பதுதான் விஷயம். மறுமுனையில் இருந்தவர் சாதுல்லா பாய். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்பவர், பழைய பழக்கம்.

"இப்ப கேக்குதா?... ஆமாம்... ஆமாம் ஆமாம்... அது கெடக்கட்டும் பாய், எனுக்கு ஒரு ரூட்டர் வேணும்... வைஃபை பொட்டி பாய், வூட்டுக்குத்தான்... நம்பி வாங்கற மாதிரி, நல்லதா... உன்கிட்ட வாங்குனதுதான் இருந்திச்சி, வருசம்கூட ஆவல... இல்ல, அது பூட்ச்சி... இன்னா எப்படின்னு கேக்கற, மனுசனே பூட்றான், பொட்டி போவாதா... இடி வுழுந்துடிச்சி பாய்... ஆமாம், இடி... நேத்துதான்... கள்ளக்குறிச்சியில வெயிலடிச்சா எனுக்கு இன்னா, இது மலை, இங்க தனியா இடிக்கும்..."

நேற்று ஆயுத பூஜை. வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. விடிந்ததும் அவருடைய மனைவி பச்சையம்மாள், வீட்டில் உழைக்கிற சாமான் அத்தனையையும் வாசலில் இறக்கிக் கழுவினாள். மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கும் டேங்க், அரிவாள்மணை என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் ரூட்டரும் வந்து சேர்ந்தது. அதுவும்தான் ராப்பகலாக உழைக்கிறது, அதை மட்டும் விட்டால் சாமிக்கே பொறுக்காது என்றாள். மருமகள் குளித்துவிட்டு வருவதற்குள் அது வாளியில் முங்கி, தேங்காய் நாரில் தேய்பட்டு, சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டு டிராக்டர் பக்கத்தில் மணப்பெண்ணாட்டம் உட்கார்ந்திருந்தது. கண்ணாயிரமும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாலையில் வயரைச் சொருகியபோதுதான் விபரீதம் தெரிந்தது.

"அத வுடு பாய், புதுசு இன்னா இருக்கு சொல்லு... ம்... ம்... கொம்பு எத்தினி?... நாலா? மாட்டுக்கே ரெண்டுதான பாய் வெச்சான் ஆண்டவன்... ஜாஸ்தி கொம்பு இருந்தா ஜாஸ்தி பாயுமா?... அப்பிடி இல்லியா? அப்ப எதுக்கு நாலு, முட்டறதுக்கா... சரி சரி, நீயே சொல்லு... ரெண்டு அலை வருதா... ம்... ஒண்ணு வேகம், ஆனா சொவுர தாண்டாது... இன்னொண்ணு மெதுவு, தாண்டிடும்... எங்க வூட்டு சொவுரு எங்கப்பன் கட்னது பாய், பீரங்கி வெச்சாலும் தாண்டாது... நடு ரூம்புல, ஒசரத்துல வெக்கணுமா... சரி... பீரோ பின்னால வெக்கக் கூடாது... சரி சரி... கரண்டு போனா?... அதுக்கு தனியா ஒரு சின்ன பேட்டரியா... அதயும் எடுத்து வெய்யி... ஒரு நிமிசம்கூட நிக்கக் கூடாது பாய்... பூஜை லீவு முடிஞ்சி திங்கக்கெழம காலையில இலக்கியாவுக்கு வேல ஆரம்பிக்குது... ஆங், மருமவதான்... வூட்ல நெட்டு இல்லன்னா ஆபீசுக்கே வந்துடுன்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டானாம்... மெட்ராஸ் ஆபீசுக்குத்தான்... பூடுவா பாய், பின்ன... அதான சொல்றேன்..."

விஷயம் அதுதான். மகன் தமிழரசனுக்கும் இலக்கியாவுக்கும் சென்னையில் வேலை. போன தை மாதம் கண்ணாயிரம் வரப்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள யாருமில்லை என்று பத்து நாளைக்கு வந்தவள் இலக்கியா. அப்போது நட்ட மரவள்ளி இப்போது ஆள் உயரத்துக்கு நிற்கிறது, அவளும் இங்கேயே நிற்கிறாள். அவள் கிளம்பாமல் இருக்கத்தான் மாமனார் அவசர அவசரமாகக் கேபிள்காரர் தீனதயாளனைப் பிடித்து நெட்டு இழுத்தார், ரூட்டர் வாங்கினார். கால் எப்போதோ சேர்ந்துவிட்டது. தொட்டி மேல் தாவி ஏறிய காலைப் பார்த்தாலே தெரியும். ஆனால் மருமகள் எதிரே வந்தால் மட்டும் இழுத்து இழுத்து நடப்பார், வெட்கம் கெட்ட மனிதர்.

அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. இலக்கியா வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மாட்டைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்வார்கள். இவள் வந்த பிறகுதான் டிவி செய்தியைப் பார்த்து அவரோடு சரிக்குச் சரி வாதாட ஓர் ஆள் கிடைத்தது. அவள் போய்விட்டால் வீடு ஊமையாகிவிடும் என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"பாய், பழசுக்கு வாரண்டி இருக்குமில்ல?... இருக்கா... கொண்டாந்து காட்டணுமா? எதுக்கு, நான் சொன்னா நம்ப மாட்டாங்களா... தொறந்து பாப்பாங்களா... தொறந்தா ஒண்ணும் இருக்காது பாய், கொஞ்சம் சந்தனம்... இல்ல, சந்தனம்னு நான் சொல்லல... சொன்னனா?... அது வந்து... இடியும் வுழுந்திச்சி, பூஜையும்... சரி, வுடு. இடி இல்ல... கழுவிட்டா பாய்... ஆமாம், உங்க அண்ணிதான்... வாளியிலதான், பின்ன ஏரியிலயா... நாரு போட்டுத்தான்... சிரி, நல்லா சிரி, சிரிச்சி முடிச்சிட்டு சொல்லு..."

பாய் சிரித்துக்கொண்டே இருந்தார். கண்ணாயிரத்துக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாகப் பாய் என்னவோ சொன்னார். அதைக் கேட்டதும் கண்ணாயிரம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இன்னாது?... படிச்சி படிச்சி சொன்னியா? யாருகிட்ட?... பச்சையம்மாகிட்டயா?... எப்ப?... புதன்கெழமையா?... என் நம்பர்லருந்தா... மத்தியானம்னா நான் தூங்கிக்கினு இருந்திருப்பேன்... ம்... ஈரத்துணியில தொடச்சா கெட்டுடுமான்னு கேட்டாளா... கெடாதுன்னு நீ சொன்ன... ம்... 'அப்ப தண்ணியில முக்குனா?'ன்னு கேட்டா... பாழாப் பூடும், கிட்டயே கொண்டு போவாதன்னு சொன்ன... தெளிவாதான் சொன்னியா?... அதுக்கு அவ இன்னா சொன்னா?... இன்னாது?... 'எவ்ளோ நேரம் முக்கணும்'னு கேட்டாளா?"

கண்ணாயிரம் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாய், நெஜமாவா சொல்ற... அடிப்பாவி. சாமி பேரச் சொல்லி... நானும் கும்புட்டேன் பாய், கற்பூரத்த தொட்டு... இரு, இப்பவே போய் கேக்கறேன்... கேக்காம இன்னா பண்றது, இத்தினி நாளு சிரிச்சி சிரிச்சி பேசிக்கினு இருந்துட்டு, மருமவள வூட்ட வுட்டு தொரத்தறதுக்கு இப்பிடி ஒரு... இல்லியா?... பின்ன இன்னாவாம்?... அவளே உன்கிட்ட சொன்னாளா?... ம்... சொல்லு... தமிழு அங்க ஓட்டல் சோறு தின்னுக்கினு கெடக்கறான்... ம்... கட்டி வெச்ச ரெண்டும் போன்லயே குடும்பம் நடத்திக்கினு இருக்குது... ம்... நெட்டு இருக்கறவரிக்கும் இந்தப் பொண்ணுக்கு வுடுதல இல்ல... அதுவா வாயத் தொறந்து கேக்காது... ம்... 'அவரும் அனுப்ப மாட்டாரு'... எவரு?... என்னையா சொன்னா?"

கண்ணாயிரம் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

அவருக்குத் தெரியாத விஷயமா இது? சாயங்காலமானால் இலக்கியா போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு புருஷனோடு சேர்ந்து சாப்பிடுவாள். அங்கே அவன் பரோட்டா பொட்டலத்தைப் பிரிப்பான், இங்கே இவள் சோற்றைப் பிசைவாள். இவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். போன மாதம் தமிழரசன் ஒரே ஒரு நாள் வந்துவிட்டுத் திரும்பியபோது, பஸ் ஏற்றிவிடப் போனவள் நெடுநேரம் வரவில்லை. இவர் போன் போட்டு, மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை வந்து தேடிக்கொடு என்று கூப்பிட்டார். கண்ணாடி மூக்கின் மேலேயேதான் இருந்தது. இப்போது அதை நினைக்க அவருக்கு அவமானமாக இருந்தது. பெண்டாட்டி மேல் வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஹலோ... இருக்கேன் பாய், லைன்லதான் இருக்கேன்... இல்ல, சிக்னல்லாம் நல்லாதான் இருக்கு... பில்லு போட்டுட்டியா?... போடலன்னா வுட்டுடு... வேணாம்... நல்ல பொட்டிதான், யாரு இல்லன்னா... பேட்டரியும் வேணாம் பாய்... இலக்கியா உனுக்கு போன் பண்ணுவா, நம்பர் நான்தான் குடுத்தேன்... பண்ணா ஸ்டாக்கு இல்லன்னு சொல்லிடு... தீவாளி கழிச்சிதான் வரும்னு சொல்லு... பொய்தான், நான் இன்னா உண்மைன்னா சொன்னேன்... ஏன்னா, நானா போய் கெளம்புமான்னு சொன்னா அது கெளம்பாது பாய், மாமா மனசு நோவும்னு இங்கயே உக்காந்துக்கும்... ஆமாம்... பொட்டி இல்லன்னாத்தான் வேற வழியில்லன்னு போவும்... பச்சையம்மாகிட்டயா? ஒண்ணும் கேக்க மாட்டேன்... இன்னா கேக்கறது, அவ சரியாத்தான் பண்ணியிருக்கா... நீயும் சொன்னன்னு காட்டிக்காத..."

வீட்டுப் பக்கமிருந்து இலக்கியாவின் குரல் கேட்டது. சாப்பாடு ஆறுதாம், மாமாவை எங்கே காணோம் என்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாயிரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், இன்னொரு உதவி... உன் கடை வாசல்ல நின்னா பஸ் ஸ்டாண்டு தெரியுமில்ல... கொஞ்சம் எட்டிப் பாத்து சொல்லேன், நாளைக்கு காலையில மெட்ராசுக்கு எப்ப பஸ்ஸுன்னு... சொகுசு பஸ்ஸா பாரு, ஒதறாத மாதிரி... ஆங்... ஆங்... அதுவே நல்லாருக்கு... நேரா போய் எறங்கிடுமில்ல... சரி... தமிழுகிட்ட நான் சொல்லிக்கிறேன், வந்து கூட்டிக்குவான்... டிக்கெட்டா?... ஜன்னலோரமா பாத்து சொல்லி வெய்யி... இல்ல பாய், நான் எதுக்கு... பச்சையம்மாவும் வரல... ஒரு ஆளுதான் பாய்... ஒரு ஆளுதான். வெச்சிடறேன்."