நான்காவது தட்டு

இந்த அறையின் மின்விசிறியில் ஓர் இறக்கை லேசாக வளைந்திருக்கிறது. குறை சொல்லவில்லை. மூன்று சுற்றுக்கு ஒருமுறை எதிலோ உரசுகிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கால் அதோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது, அதற்காகச் சொன்னேன். பயத்தில் ஆடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். எழுதுகிற பெண்ணுக்குக் கை வலிக்கக்கூடாது, மெதுவாகவே பேசுகிறேன்.

உங்கள் அறிக்கையில் ஒரு வார்த்தை தப்பு. ‘தொழிலாளியின் கவனக்குறைவால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என் தம்பிக்குக் கவனக்குறைவு என்பதே கிடையாது. கை உள்ளே போகாமல் மறிக்கும் தடுப்புக் கம்பியைத் தூக்கிக் கட்டியதற்காகச் சூப்பர்வைசரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவர் பாவம், வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் பட்டறையில் டப்பா மூடி அடிக்கும் எட்டு பிரஸ்ஸிலும் கம்பி மேலேதான் கட்டியிருக்கிறது. அது இறங்கி ஏறுவதற்குள் இரண்டு மூடி அடித்துவிடலாம். அப்படிக் கட்டியும் இத்தனை வருஷத்தில் யாருக்கும் நகம்கூடப் பெயரவில்லை.

பாட்டிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். டெக்னோ கேட்டிருப்பீர்கள். சிக்னலில் பக்கத்துக் கார் கண்ணாடி அதிர ஓடுமே, அதுதான். டும், டும், டும், டும். நான்கும் ஒரே கனம், ஒரே இடைவெளி. நானும் தம்பியும் செய்தது வேறு. ஒலி அதேதான், கருவிகளும் அவைதான், ஆனால் எண்ணிக்கை ஏழாக இருக்கும், ஐந்தாக இருக்கும், சில சமயம் பதினொன்றாக இருக்கும். அம்மா போன பிறகு நாங்கள் இருந்த வீட்டில் ஒரு பழைய வாஷிங் மெஷின். ஒரு கால் உடைந்தது. ஓடும்போது ஏழு ஏழாகச் சுவரில் முட்டும். எனக்கு அப்போது இருபது வயது, அவனுக்கு எட்டு. அதன்மேல் உட்கார வைத்துத்தான் அவனுக்கு ஊட்டிவிடுவேன். ஏழாவது முட்டுக்கு வாயைத் திறப்பான். பிற்பாடு அந்த மெஷின் சத்தத்தைப் பதிவு செய்து, அதன்மேல் கட்டியதுதான் எங்கள் முதல் பாட்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஒரு சின்ன அரங்கத்தில் போடுவோம். நாற்பது பேர் வருவார்கள், அதில் பத்துப் பேர் பாதியில் செருப்பைத் தேடுவார்கள். அரங்கக்காரர் நல்ல மனுஷர், நக்கல் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

“ஏம்மா, உங்க பாட்டுக்குக் காலைத் தூக்குனா, கீழ வைக்கறதுக்குள்ள தாளம் தெருமுனை திரும்பிடுது. ஜனங்க காலை எங்கதான் வைப்பாங்க?”

“தேடி வைக்கட்டும் அண்ணே.”

“தேடித் தேடி முட்டி பேந்துடுது. நாளைக்கு எனக்கு வைத்தியச் செலவுதான்.”

தேடுவதில்தான் சுகமே இருக்கிறது. அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்துவிட்டால் காது தூங்கிவிடும். நான் தூங்கத் தெரியாதவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. கொஞ்சம் எழுந்து நடந்துகொண்டே சொல்லட்டுமா? சரி, வேண்டாமென்றால் உட்கார்ந்தே சொல்கிறேன்.

தம்பியைக் கெடுத்தது அந்த பிரஸ்தான். பெயின்ட் டப்பா மூடி அடிக்கும் பிரஸ். நானும் அதே பட்டறையில்தான், இருபதடி தள்ளி, மூடிகளைப் பெட்டியில் அடுக்கி ஒட்டுகிற வேலை. தலையை நிமிர்த்தினால் அவன் முதுகும் கைகளும் தெரியும். அவன் வேலைக்கு நாலு எண்ணிக்கை. ஒன்றுக்குக் காலால் பெடலை மிதிப்பான், மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டுக்கு இடது கை அடித்த மூடியை எடுக்கும். மூன்றுக்கு வலது கை புதுத் தகட்டை உள்ளே வைக்கும். நான்குக்கு வலது கை வெளியே வந்துவிடும். மறுபடியும் ஒன்று. இப்படியே காலை முழுக்க. அந்தச் சத்தத்தில் எண்ணிக்கை விட்டுப்போகக்கூடாது என்று காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வான்.

“அக்கா, வேலைக்குன்னு ஒண்ணு போட்டுக் குடேன். ஒரு மணி நேரம் ஓடணும். நாலு நாலா, வளைவே இல்லாம.”

“எங்கிட்ட வந்து நாலு கேக்கறியேடா. வெக்கமா இல்ல?”

“கை எனக்கு வேணும்க்கா. வெக்கத்தை அப்பறம் பாத்துக்கலாம்.”

போட்டுக்கொடுத்தேன். அவன் கேட்டு நான் எதை மறுத்தேன்? ஒன்றாவது அடிக்கு மட்டும் கொஞ்சம் ஆழம் கூட்டி வைத்தேன், காலுக்கு அடையாளம் தெரியட்டும் என்று. மற்ற மூன்றும் லேசான தட்டு. கொஞ்ச நாளில் அவன் எண்ணுவதையே விட்டுவிட்டான். ஆழமான அடி விழும், கால் இறங்கும். நடுவில் மூளைக்கு வேலையே இல்லை. இருபதடியிலிருந்து பார்க்கும் எனக்கு அது தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை என்பதும் உண்மை.

போன மாதம் எனக்கு ஒரு ஞாயிறு காய்ச்சல். அவன் தனியாக அரங்கத்துக்குப் போனவன், எங்கள் ஏழையும் பதினொன்றையும் விட்டுவிட்டு, அந்த வேலைப் பாட்டைப் போட்டிருக்கிறான். ஒருவரும் வெளியே போகவில்லையாம். தரை அதிர்ந்ததாம். அடுத்த வாரமே வேறு ஊரிலிருந்து பெரிய அரங்கம் ஒன்று கூப்பிட்டது. அங்கேயே தங்கி, வாரா வாரம். மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும்.

“நீயும் வாக்கா. நாலுல போட்டா ரெண்டு பேரும் சேந்தே இருக்கலாம்.”

“அது நான் இல்லடா.”

“அதுவும் நீ போட்டதுதானேக்கா. சனம் ஆடுச்சே, அது உனக்குச் சந்தோஷமா இல்லையா?”

“ஆடல. மிதிச்சாங்க.”

அவன் என் சாப்பாட்டுத் தட்டிலிருந்ததை எடுத்துத் தின்றுகொண்டே சொன்னான். “சரி, நான் மட்டும் போறேன். கோவிச்சுக்காத. ஏழெல்லாம் நம்ம வீட்டுக்குள்ள வெச்சுக்கலாம்.”

கோபம் வரவில்லை. கவலைதான் வந்தது. இருபத்திரண்டு வருஷம் நான் திறந்து வைத்த காது அது. அதை அவன் மூடிக்கொண்டு போகிறான், என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறான். ஒரே ஒரு முறை தடுமாறினால் போதும் என்று பட்டது. தடுமாறினால் விழிப்பான். விழித்தால் என்னைக் கேட்பான். நான் வேறொன்றும் செய்யவில்லை. அந்த ஒரு மணி நேரப் பாட்டில் ஒரே இடத்தில் நான்காவது தட்டை எடுத்தேன். அவ்வளவுதான், கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. மூன்றுக்குப் பிறகு நேராக ஒன்று. வலது கை இன்னும் உள்ளே இருக்கும்போது ஆழமான அடி விழும், கால் இறங்கும்.

கால் இறங்கியது. இதைத்தான் நீங்கள் கவனக்குறைவு என்கிறீர்கள். அவன் பாட்டை அணுவும் பிசகாமல் கேட்டான், அதனால்தான் மூன்று விரல் போயிற்று. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

கை போகும் என்று நினைக்கவில்லை, கொஞ்சம் பயந்து விழித்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் நேற்று வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் எழுதுவீர்கள் போலிருக்கிறது. அது சரியாக இருக்காது. ஏனென்றால் விரல் போன வியாழக்கிழமைக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது.

செவ்வாயன்று அந்தத் தட்டைப் பத்தாவது நிமிடத்தில் எடுத்திருந்தேன். கால் இறங்கியது, ஆனால் அந்த நேரம் பார்த்துத் தகடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் கை வெளியிலேயே நின்றுவிட்டது. டீ நேரத்தில் என் மேஜைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் சிரித்தான்.

“அக்கா, பத்தாவது நிமிஷத்துல உன் பாட்டு இடறுதுக்கா. நல்லவேளை, தகடு ஒட்டிக்கிச்சு. இல்லைன்னா இன்னிக்குக் கை போயிருக்கும்.”

“அப்படியா?”

“உனக்குப் பழக்க தோஷம். நாலுன்னு சொன்னாலும் உன் விரல் சும்மா இருக்காது. சரி பண்ணிக் குடு.”

என்மேல் சந்தேகமே வரவில்லை அவனுக்கு. விழித்துக்கொண்டுதான் இருந்தான், என்னைத் தேடித்தான் வந்தான். நான் வேண்டியதெல்லாம் அதுதான் என்றால் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். புதன்கிழமை புதிதாகப் போட்டுக்கொடுக்காமல் தள்ளிப்போட்டேன். அன்று முழுக்கப் பாட்டில்லாமல் வாயால் எண்ணிக்கொண்டே வேலை பார்த்தான். ராத்திரி பத்தாவது நிமிடத்தைச் சரிசெய்தேன். அவன் கவனம் முழுக்க அங்கேதான் இருக்கும், அதைத் தாண்டிவிட்டால் பயம் போய்விடும் என்று தெரியும். நான்காவது தட்டை ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் எடுத்தேன்.

வியாழன் காலை, பத்து நிமிடம் தாண்டியதும் திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். ஐம்பத்தோராவது நிமிடத்தில் ஒட்டுகிற டேப்பைக் கீழே வைத்துவிட்டு, துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்த இரண்டு துண்டையும் பையிலிருந்து எடுத்துக்கொண்டு அவன் பக்கமாக நடக்கத் தொடங்கிவிட்டேன். அந்த நேரத்தில் அவனைத் தாங்கிப் பிடிக்க யாராவது பக்கத்தில் இருக்க வேண்டாமா? அவனுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?