ஜன்னலோரக் குப்பி

காலைத் தேநீருக்கு நான் எப்போதும் கடைசியாகத்தான் போவேன். பிரிஸ்பேனில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பத்தரை ஆனால் போதும், எல்லோரும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எனக்குக் கூட்டம் ஒத்துவராது.

மார்பகப் புற்றுநோய் மற்ற இடங்களுக்குப் பரவாமல் தடுக்கும் மருந்துக்காகப் பத்தொன்பது வருடம் சின்னஞ்சிறு மூலக்கூறுகளைச் செய்து பார்த்தேன். நாற்பத்தாறு செய்தேன். ஒன்றும் தேறவில்லை. பிறகு இமோஜென் வந்தாள். முப்பது வயதுகூட ஆகாதவள். அவள் செய்த நாற்பத்தேழாவது, ஊர்ந்துகொண்டிருந்த புற்றணுக்களை நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டது.

"மார்லீன், இத்தனை வருஷமா நீ முட்டி மோதினதை இந்தப் பொண்ணு ஊதித் தள்ளிட்டா பாரேன்" என்று சிரித்தார் பேராசிரியர். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த மருந்தைப் போட்டுக்கொள்ளத் தங்கள் பெயரைப் பதிந்துவிட்டுப் பத்தொன்பது நோயாளிப் பெண்கள் காத்திருந்தார்கள். கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி.

நான் மருந்தில் எதையும் கலக்கவில்லை. வெளிச்சம் பட்டால் அது கெட்டுவிடும் என்று கறுப்புத் தாள் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். எல்லோரும் போனதும் தாளைப் பிரித்து, குப்பியை ஜன்னலோர வெயிலில் வைப்பேன். இருபது நிமிடம். பிறகு பழையபடி சுற்றி வைத்துவிடுவேன். ஆறு வாரம் இப்படி.

ஒருநாள் இமோஜென் கதவில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் என்ன பண்றே? லேமிங்டன் கேக் தீரப்போகுது. உனக்குன்னு ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன், வா."

குப்பி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. போய்ச் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

கடைசிச் சோதனையில் புற்றணுக்கள் தாராளமாக ஊர்ந்தன. அந்தப் பெண்களுக்கு மருந்து கொடுக்கும் திட்டமே நின்றுபோனது.

"நான்தான் எங்கேயோ சொதப்பிட்டேன், மார்லீன். அந்தப் பொம்பளைங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். அடுத்த மாதம் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அவளுடைய மூலக்கூறில் ஒரு ஓரத்தை மட்டும் மாற்றி, இரண்டு வருடம் கழித்து என் பெயரில் கொண்டுவந்தேன். வேலை செய்தது. அதற்குள் காத்திருந்தவர்களில் எட்டுப் பேருக்குப் புற்று எலும்புக்குப் பரவி, இறந்துபோயிருந்தார்கள்.

விசாரிக்க வந்ததிலிருந்து அந்த எட்டுப் பேரைப் பற்றியே கேட்கிறீர்கள். மிச்சப் பதினோரு பேர் என் மருந்தால்தான் நடமாடுகிறார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.