மலைத்தீயும் மாப்பிள்ளையின் காலும்

தீபத் திருவிழா முடிந்து ஆரணிக்குத் திரும்பும் மாட்டுவண்டியில் இடம் போதவில்லை. எதிரே இருந்த இரண்டு நெசவாளிகளின் முழங்கால்கள் என்னை இடித்துக்கொண்டே வந்தன. இளையவர் கையில் ஒரு புகைப்படம். அந்தியில் மலையுச்சியில் ஏற்றிய தீபத்தீயைப் படம் பிடித்த வெள்ளைக்காரத் துரை, இவரையும் அதற்கு முன்னால் நிறுத்தி எடுத்தாராம்.

“முழங்காலுக்குக் கீழ எங்க மச்சான்?” என்றார் அதை வாங்கிப் பார்த்த மூத்தவர்.

“வெளிச்சம் கம்மி, ரொம்ப நேரம் அசையாம நில்லுன்னாரு. நின்னுகினுதான் இருந்தேன். காலு மட்டும் பழக்கத்துல, பள்ளத்துல தொங்கவிட்டு தறி மிதிக்கிறாப்ல அசைஞ்சிருக்குது. கலைஞ்சு போச்சு.”

“சரிதான்.”

“தேவிகாபுரத்துப் பொண்ணு வீட்டுக்கு இதத்தான் அனுப்பணும். காலில்லாத பேய்னு நெனச்சிட்டா?”

மூத்தவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“அவங்களும் நெசவுக்காரங்கதானே. மீதி தறிப் பள்ளத்துல இருக்குதுன்னு சொல்லியனுப்பு.”