ஜன்னல்காரரின் குவளை

முதுகு சாய இடமில்லாத இருக்கையில் உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் கொடுத்திருக்கும் இந்த நாற்காலி பரவாயில்லை. என் மருமகளின் காபிக் கடையில் இருப்பவை எல்லாம் உயரமான முக்காலிகள். அவற்றின் மேல் இளவட்டங்கள் கொக்கு போல ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரே கோப்பையை மூன்று மணி நேரம் உறிஞ்சுவார்கள். எனக்காக மட்டும் மாடியிலிருந்து ஒரு மர நாற்காலியை இறக்கி மூலையில் போட்டிருந்தாள். நான்கு வருடம் அதில் உட்கார்ந்து, அந்தக் கடைக்கு வந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் சொல்வதை நேரில் கண்டவன் சொல்வதாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன் நான். சாட்சி தயங்கும் இடத்தில் பேனாவை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அவன் வாயில் சொல்லைத் திணிக்கக் கூடாது. நீங்களும் அப்படித்தான் காத்திருக்கிறீர்கள். நல்ல பழக்கம்.

வீடு என் தகப்பனார் கட்டியது. மேலே நாங்கள் குடியிருந்தோம். கீழே தெருவைப் பார்த்த அறை சும்மா கிடந்தது. என் மகன் சாலை விபத்தில் போன பிறகு ஆறு மாதம் மருமகள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள் கீழே இறங்கிப் போய் அந்த அறையின் சுவரைச் சுரண்டத் தொடங்கினாள். செங்கல் தெரியும்வரை சுரண்டி, அப்படியே விட்டுவிட்டாள். பூச வேண்டாமா என்று கேட்டேன்.

"இப்படித்தான் மாமா இருக்கணும். இதைப் பாக்கத்தான் வருவாங்க" என்றாள்.

வந்தார்கள். பூசாத சுவரைப் படம் பிடித்தார்கள். காபியின் மேல் நுரையால் இலை வரைந்து கொடுத்தால் அதையும் படம் பிடித்து, ஆறிய பிறகு குடித்தார்கள். இருந்தாலும் நாணயமான தொழில்தான்.

கோப்பையில் அவள் பெயர் எழுத மாட்டாள். ஆளைப் பார்த்து ஒரு பட்டம் எழுதுவாள். 'அவசரம்', 'குடை', 'தூக்கம் போதாதவர்'. தனக்கு என்ன பட்டம் கிடைக்கும் என்று பார்க்கவே சிலர் வந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் தன் கோப்பையில் 'பெருமூச்சு' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, "வெளியில அவ்வளவு கேக்குதாங்க?" என்று கேட்டாள்.

"மூணு தெரு தள்ளிக் கேக்குது. பால்காரர் வேற புகார் சொல்றார்" என்றாள் மருமகள்.

கடை முழுக்கச் சிரித்தது. மருமகளும் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்து தெரியச் சிரிப்பாள். மாடியில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

இனி அந்த மனிதரைப் பற்றி. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பல் மருத்துவருக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பது அவர் தொழில். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். தனி ஆள். தினமும் ஜன்னலோரம்தான் உட்காருவார். மருமகள் கோப்பையில் 'ஜன்னல்' என்று எழுதப் போய், எல்லோருக்கும் அவர் ஜன்னல்காரர் ஆகிவிட்டார். மரியாதை தெரிந்தவர். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். என் பழைய பல்செட்டு ஈறை அறுக்கிறது என்று எப்படியோ கண்டுகொண்டு, தானாகவே அளவெடுத்து, புதிது செய்து கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. இப்போது நான் போட்டிருப்பது அதுதான். இவ்வளவு நேரம் பேசுகிறேன், ஒருமுறைகூட நழுவவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தொழிலில் குறை சொல்ல முடியாதவர்.

அவருக்குப் பாதாம் ஆகாது. ஒரு துளி உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அப்படி ஆனால் உடனே போட்டுக்கொள்ள, பையில் எப்போதும் ஓர் ஊசி மருந்து வைத்திருப்பார். மாட்டுப் பாலும் ஒத்துக்கொள்ளாது என்பதால் ஓட்ஸிலிருந்து எடுத்த பாலில்தான் அவருக்குக் காபி. ஆனால் அந்தக் கடையில் பாதாம் பருப்பிலிருந்து எடுத்த பாலை விரும்பிக் கேட்பவர்களும் உண்டு. அதனால் மருமகள், பாலைச் சூடாக்கும் குவளைகளில் ஒன்றை ஜன்னல்காரருக்கென்று ஒதுக்கி, கைப்பிடியில் நீல நாடா ஒட்டினாள். அதைத் தேய்க்கத் தனி நார். அவருடைய பால் பெட்டியின் மேலும் நீல நாடா. இயந்திரத்தின் நீராவிக் குழாயை இரண்டு தரம் துடைப்பாள். பிறகு அவர் காதில் விழும்படி பெட்டியில் அச்சடித்திருப்பதை வாசிப்பாள்.

"ஓட்ஸ். தண்ணி. உப்பு. அவ்வளவுதான். சாட்சிக்கு மாமா இருக்காங்க."

"உப்பு எவ்வளவுன்னு படிக்கலையே."

"குடிக்கிறீங்களா, இல்ல பல்லைத் தட்டிக் கையில குடுக்கட்டுமா?"

"குடுங்க. ஒட்டிக்கிறேன். தொழிலே அதுதான."

தினமும் இதே பேச்சு. பக்கத்து மேசைக்காரர்கள் இதைக் கேட்கவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

என் மகன் அவளோடு பதினோரு வருடம் வாழ்ந்தான். அவனுக்கென்று தனியாக ஒரு கோப்பை அந்த வீட்டில் இருந்ததில்லை. கைக்குக் கிடைத்ததில் குடித்துவிட்டுப் போவான். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

எதிர்க்கடையில் ஒரு தையல்காரர் இருக்கிறார். நாற்பது வருடப் பழக்கம். தெருவில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவர் மூலமாகத்தான் தெரிந்துகொள்வேன். ஒருநாள் கைபேசியோடு வந்தார். கடைக்கு வந்து போகிறவர்கள் தங்கள் அனுபவத்தை அதில் எழுதி நட்சத்திரம் போடுவார்களாம்.

"கேளுங்க ஐயா. 'காபி சுமார். கடைக்காரம்மா சிரிக்கிற சிரிப்புக்காக இன்னும் பத்து தரம் வரலாம்.' அஞ்சு நட்சத்திரம். உங்க மருமக பேரு எங்கெங்கயோ போயிருச்சு" என்றார்.

அதன் கீழே இருநூற்றுப் பதினான்கு பேர் ஆமோதித்திருந்தார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். என் மனைவியின் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒருமுறை, அவள் இறந்த அறிவிப்பில். என் தாயாரின் பெயர் அதிலும் வந்ததில்லை.

அன்றைக்கு இரவு சாப்பாட்டின்போது மருமகளிடம் கொஞ்சம் மெதுவாகச் சிரிக்கச் சொன்னேன். "சரி மாமா" என்றாள். இரண்டு நாள் மெதுவாகத்தான் சிரித்தாள். மூன்றாம் நாள் மறந்துவிட்டாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். மூன்று மாதத்துக்கு முன், கடை விடுமுறை நாளில், மதியம் அவர்கள் இருவரும் மாடிக்கு வந்தார்கள். அவர் நின்றார். அவளும் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள்தான் பேசினாள்.

"மாமா, சுத்தி வளைக்கல. நாங்க கல்யாணத்தப் பதிவு பண்ணிக்கலாம்னு நினைக்கிறோம். இந்த வீட்டுலயே உங்களோடயே இருப்போம். ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னா இத்தோட விட்டுடறேன். ரெண்டாவது தரம் இந்தப் பேச்ச எடுக்கவே மாட்டேன்."

"நானும்தாங்க ஐயா" என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஒழுங்காக முறைப்படி வந்து கேட்கிறார்களே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "எனக்கென்னம்மா ஆட்சேபம், நல்லா இருங்க" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தையல்காரர் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார். "பெரிய மனசு ஐயா உங்களுக்கு. வேற யாராவதா இருந்தா இப்படி விட்டுக் குடுப்பாங்களா?" என்றார். கடைக்கு வந்தவர்கள் என் மூலைக்கே வந்து கைகொடுத்தார்கள். அந்த வாரமே கைபேசியில் யாரோ எழுதினார்கள்: 'மூலையில் மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். இப்படியும் ஒரு மாமனார்.' ஐந்து நட்சத்திரம். தையல்காரரை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

ஆனால் என் மகனின் அறையை அவள் ஒழிக்கத் தொடங்கினாள். அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள், நன்றாகத்தான் மடித்தாள். அந்த அறையில் இன்னொருவர் செருப்பைக் கழற்றிப் போடுவார். வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைத் தாண்டி, அந்தப் பெயருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் தினமும் உள்ளே வருவார். நான் சம்மதம் கொடுத்துவிட்டேன். கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பத்து நாள் யோசித்தேன். ஒரு வழிதான் இருந்தது.

மருமகள் காலையில் கடை திறக்கும் முன் பத்து நிமிடம் ரொட்டி வாங்கப் போவாள். அன்றைக்கும் போனாள். நான் கீழே இறங்கிக் குளிர்பெட்டியைத் திறந்து, நீல நாடா ஒட்டிய பெட்டியில் பாதாம் பாலைக் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். வேறு யாருக்கும் அந்தப் பெட்டியிலிருந்து ஊற்ற மாட்டாள். மற்ற வாடிக்கையாளர்களுக்கு ஒரு தீங்கும் வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

ஜன்னல்காரர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். எனக்காக எழுந்து நின்றார். அவர் பணம் கொடுக்கப் போன சமயத்தில், மேசைக்கு அடியிலிருந்த பையை எடுத்து என் நாற்காலிக்குப் பின்னால் வைத்தேன். மருமகள் குழாயை இரண்டு தரம் துடைத்தாள். பெட்டியில் இருந்ததை வாசித்தாள். அன்றைக்கு அவர் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. பதிவுக்கு நான்கு நாள்தான் இருந்தது, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாய் குடித்திருப்பார். உதட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து பையைத் தேடினார். அவளும் ஓடி வந்து தரையில் மண்டியிட்டுத் தேடினாள். வங்கி அம்மாள் முக்காலிகளைத் தள்ளிவிட்டுத் தேடினாள். நானும் எழுந்து தேடினேன். ஆம்புலன்ஸ் வரப் பதினாறு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை.

பை பிறகு என் நாற்காலிக்குப் பின்னால் கிடைத்தது. அவரே வைத்துவிட்டு மறந்திருப்பார் என்றார்கள். பெட்டியில் பாதாம் கலந்திருப்பதும் சோதனையில் தெரிந்தது. மருமகளுக்கு ஒரு வழக்கம்: காலையில் ஒரே வகைப் பாலின் மிச்சங்களை ஒரு பெட்டியில் சேர்த்து ஊற்றுவாள். "பெட்டிய மாத்தி ஊத்திட்டேன். தூக்கக் கலக்கத்துல மாத்தி ஊத்திட்டேன்" என்று உங்கள் ஆட்களிடம் அவளே சொன்னாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

கடையை மூடிவிட்டோம். வீடு பழையபடி அமைதியாக இருந்தது. மூன்று வேளையும் அவள் எனக்குச் சமைத்துப் போட்டாள். ஆனால் சாப்பிட்ட பிறகு கீழே போய், அந்த நீல நாடாக் குவளையை எடுத்துத் தேய்ப்பாள். தேய்த்து வைத்து, மறுபடி எடுத்துத் தேய்ப்பாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிட்டன.

நேற்று விசாரணை அறிக்கை வந்தது. 'கடை நடத்துபவரின் கவனக்குறைவே மரணத்துக்குக் காரணம்' என்று அதில் இருக்கிறது. எங்கள் வீட்டு முகவரியின் கீழே அந்தச் சொல். இதற்குள் கைபேசியில் ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டிக் கிடக்கிறது. 'சுத்தமில்லாத இடம்', 'பொறுப்பில்லாத குடும்பம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். பொறுப்பில்லாத குடும்பம். நான் முப்பத்தொரு வருடத்தில் ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதியதில்லை.

மருமகளிடம் வக்கீல் பார்க்கலாம் என்றேன். வேண்டாம் என்றாள்.

"உள்ள போட்டா போடட்டும் மாமா. அவர் கடைசியா என்னையே பாத்தார். அவருக்கு நான் வேற என்ன செய்ய முடியும்?"

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என் மகனின் மனைவி, யாரோ ஒருவருக்காகச் சிறைக்குப் போவதா? போனால் தெரு அவளை யாருடைய விதவை என்று சொல்லும்? ஆகவே காலையில் சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நானே நடந்து வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அந்த வீட்டில் யாரும் கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. பாலைக் கலந்தவன் நான். பையை மறைத்தவன் நான். அவர் சாக வேண்டும் என்று தெரிந்தே செய்தேன்.

வாசித்துக் காட்டினீர்கள். பிழையில்லை. கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்துவிட்டு, பிறகு நீங்களே அதை இழுத்துக்கொண்டீர்கள்.

"ஒண்ணு மட்டும் புரியலைங்க பெரியவரே. அந்தம்மா உங்க முன்னாடி வந்து நின்னுதான கேட்டாங்க? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்குமே" என்கிறீர்கள்.

முடிந்திருக்கும். அவள் சொன்ன சொல் மாறாதவள், அவரும் அப்படித்தான். மறுநாளே அவர் வேறு கடை பார்த்துக்கொண்டு போயிருப்பார். இன்றைக்கு உயிரோடும் இருப்பார். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால், எதிர்க்கடைத் தையல்காரர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?