ரயிலிலிருந்து இறங்கிய தெரு

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவி ஊல்ரிகா அவர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! மரம் வெட்டி மரம் வெட்டியே மரத்துப்போன கைகளைத் தட்டி என்னை மேடையேற்றிய பெரியோர்களே! நம் பெருந்தெருவை நேராக்கியே தீருவேன் என்று வரைபடத்தைச் சுருட்டி மடியில் வைத்திருக்கும் பொறியாளர் அவர்களே! தரை சாய்ந்த வீட்டில் பிறந்தும் நேராக நிற்கப் பழகிக்கொண்ட இந்த எளியவளின் வணக்கம்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. குறுக்கே குன்றில்லை, குளமில்லை, கோயிலில்லை. பிறகு ஏன் ஐயா இந்தத் தெரு அரிவாளாய் வளைந்து கிடக்கிறது? போட்டவர்கள் குடித்திருந்தார்களா? பின்வரிசையில் யாரோ ஆமாம் என்கிறீர்கள். அவரவர் அனுபவம் அவரவருக்கு! நான் தேடிப் பார்த்தேன். இன்றைக்கு இல்லாத ஒரு ரயில் பாதையில் விடை கிடைத்தது.

அந்நாளில் வட விஸ்கான்சின் காட்டில் ஊர் என்பதே மரம் வெட்டுகிறவர்களின் முகாம்தான்; அது ஓரிடத்தில் நிற்காது. மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த காட்டில் போடுவார்கள். வீடுகளையும் அப்படியே ரயிலில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சதுப்பு நிலத்தைக் கடக்கக் குளிர்காலம் வரவேண்டும். பனி கொட்டினால் சதுப்பு இறுகிவிடும் என்றா நினைக்கிறீர்கள்? இறுகாது! பனி ஒரு கம்பளி; அதைப் போர்த்திய சதுப்பு கதகதப்பாகத் தூங்கும். அதனால் முகாமே திரண்டு பனியை மிதிக்கும். மிதித்து மிதித்து அழுத்தினால்தான் குளிர் அடிவரை இறங்கும், சதுப்பு உறைந்து ரயிலைத் தாங்கும்.

ஓராண்டு மேற்பார்வையாளர் மெக்கார்ட்டிக்கு அவசரம். மிதிக்கிற நேரத்தில் நாலு மரம் வெட்டலாமே என்று மிதியாத பனிமேல் தண்டவாளம் போட்டுவிட்டார். மார்ச் பிறந்தது, சதுப்பு நெளிந்தது. இன்னும் ஒரே ஒரு நடைதான் தாங்கும். அக்கரையில் எட்டு வீடுகள், எட்டுக் குடும்பங்கள், அடிதட்டிய மாவுப் பீப்பாய். அருகே மலைமலையாய் மரக்கட்டைகள். எதை ஏற்றுவது? கட்டைகளை என்றார் மெக்கார்ட்டி.

எஞ்சின் ஓட்டுநர் ஆர்வோவின் மனைவி ஹில்யா, மாவு ஒட்டிய கையோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன் சார், கட்டைக்குப் பசிக்குமா? எங்க புள்ளைங்களுக்குப் பசிக்கும். அடுத்த குளிர்காலம் வரைக்கும் இங்க எதைத் தின்னுட்டுக் கெடக்கறது?"

"வீட்டையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா."

ஆர்வோ எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தான். "எந்த அப்புறம்? எங்களை மிதிக்க விட்டிருந்தா அப்புறம்னு ஒண்ணு இருந்திருக்கும்."

சொல்லிவிட்டு வீடுகளை ரயிலில் ஏற்றி, எஞ்சினைப் பூட்டி இழுத்தான். பாரம் குறையட்டும் என்று குடும்பங்கள் பனியில் இறங்கி உடன் நடந்தன. அடுப்பை மட்டும் யாரும் அணைக்கவில்லை. ஒரு ரயிலுக்கு ஒன்பது புகைபோக்கி! தண்டவாளம் அமிழ்ந்து அமிழ்ந்து எழுந்தது.

தண்டவாளம் வளையும் இடத்தில் கெட்டி நிலம் வந்தது, ரயில் நின்றது. எஞ்சினைக் கழற்றிக்கொண்டு கட்டைகளுக்குத் திரும்பச் சொன்னார் மெக்கார்ட்டி. ஆர்வோ மாட்டேன் என்று இறங்கிவிட்டான். வீம்புக்கு அவரே ஓட்டிப் போனார்; பாதி வழியில் குதித்து உயிர் தப்பினார். எஞ்சினைச் சதுப்பு விழுங்கிற்று. தண்ணீர் வற்றும்போது தலைகாட்டும் கறுப்புக் குழாய் என்னவென்று கேட்டீர்களே பொறியாளரே, அது அந்த எஞ்சினின் புகைபோக்கிதான்.

இனி இழுக்க எஞ்சின் ஏது? நின்ற வளைவிலேயே, நின்ற வரிசையிலேயே, எட்டு வீடுகளையும் இறக்கினார்கள். அதுதான் நம் தெரு! நகர்ந்துகொண்டே இருந்த மற்ற முகாம்கள் எங்கே? பெயர்கூட மிஞ்சவில்லை. நாம் மட்டும் ஏன் மிஞ்சினோம்? கட்டை முந்தியா, குழந்தை முந்தியா என்று காடு கேட்டது. நம்மவர் சொன்ன விடைதான் அந்த வளைவு!

மூன்றாவது வீடு ஹில்யாவின் வீடு. நான் பிறந்தது அங்கேதான். கைதவறிய உருளைக்கிழங்கு இன்றும் கிழக்குச் சுவருக்கே ஓடும். தெருவை நேராக்க முதலில் இடிக்கவேண்டியதும் அதைத்தான். இடிக்கத்தான் வேண்டுமென்றால் இடியுங்கள். அதற்குமுன் எல்லோரும் ஒருமுறை அந்த வளைவில் நடந்து வாருங்கள், அன்று ரயிலோடு நடந்தார்களே, அப்படி. நடந்து வந்த பிறகு வாக்கெடுப்பில் கை தூக்குங்கள்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி. எட்டு வீட்டாருக்கும், அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்த உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.