ரெண்டு பவுண்டு சீர்

பவுன் இல்லக்கா, பவுண்டு. அந்த ஊரு காசு. ரெண்டரை வயசுப் புள்ள கையில ரெண்டு பவுன் நகையக் குடுத்து டேகேருக்கு அனுப்புவனா? பஸ்ஸு குலுங்குது, கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க, இந்தப் பைய மடியிலயே வெச்சிக்கறேன். வளையல் இருக்கு, ஒடஞ்சிடும்.

நான் இருக்கறது லண்டனுக்கு அந்தப் பக்கம்னு வெச்சிக்குங்களேன். லீட்ஸ்னு சொன்னா இங்க யாருக்கும் தெரியாது. முள்ளிப்பட்டு தறிக்கார அருணகிரி இல்ல, அவரு பையன்தான் நானு. அதே ஊர்ல இருக்கற தங்கச்சி வூட்டுக்குப் போயிகினு இருக்கேன். அவ என்கிட்ட பேசி ரெண்டு வருசம் ஆவுது. இன்னிக்குக் கதவத் தொறப்பாளான்னே தெரியல. அத வுடுங்க, இதக் கேளுங்க.

டேகேர்ல தர்ம நாளுன்னு ஒரு சீட்டு வந்துச்சு. ஏழைப் புள்ளைங்களுக்கு ஒதவி பண்ணணுமாம். எப்டின்னா, எல்லாக் கொழந்தையும் ராத்திரி படுக்கறப்ப போடற துணியோட வரணும், ஆளுக்கு ரெண்டு பவுண்டு எடுத்துகினு வரணும். இவன் பைஜாமா போட்டா எங்கியோ ஒரு புள்ளைக்கு எப்டி வயிறு நெறையும்னு நானும் யோசிச்சிப் பாத்தேன். வாயத் தொறந்து கேட்டா பேஜாரு. அதோட வூட்லயே கேக்கு சுட்டு எடுத்துகினு போவணும். சாயந்தரம் போயி நம்ம சுட்டத நாமளே காசு குடுத்து வாங்கணும். என் பொண்டாட்டி சுட்டது அடியில கருகிப் போச்சு, ஒருத்தரும் தொடல. நாலு பவுண்டு குடுத்து நான்தான் எடுத்துகினு வந்தேன்.

எங்க புள்ளைக்குத் தர்மம்னா என்னா தெரியும்? காச வாயில போட்டுகினு துப்ப மாட்டேன்றான். டீச்சரம்மா பிஸ்கட்டக் காட்டி வாயத் தொறக்க வெச்சி, எச்சியோட அத உண்டியல்ல போட்டுட்டு, எவ்ளோ பெரிய மனசுன்னு கைதட்றாங்க. அதுக்கு ஒரு சர்டிபிகேட்டு வேற.

உண்டியலுக்கு மேல ஒரு போஸ்டரு. தறி முன்னால ஒரு பொண்ணு, மூஞ்சிய உம்முனு வெச்சிகினு. இந்தச் சிறுமிக்கு யாரும் இல்லைன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கான். பாத்தா நம்ம காவ்யா. என் தங்கச்சி பொண்ணு. நாலு வருசம் முன்ன நான் லீவுல வந்தப்ப, ஃபாரின்காரங்க ரெண்டு பேரு தறி பாக்க வந்து போட்டா எடுத்தாங்க. நான்தான் கூட நின்னு இங்கிலீஷ்ல பேசினேன். அன்னிக்கு காவ்யா, அவங்கம்மா செல்போனப் புடுங்கிட்டான்னு கோவிச்சிகினு ஒக்காந்திருந்தா. அதான் அந்த மூஞ்சி. பக்கத்துல ரெண்டு கதவு ஃபிரிட்ஜு இருந்துச்சு, அத வெட்டிட்டானுங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல.

ஏன் பேசறதில்லையா? அது வந்துக்கா, காவ்யா பெரிய மனுஷி ஆனா. தாய்மாமன் நான் வந்து குடிசை கட்டி, சீர் வெக்கணும். லீவு கெடைக்கலன்னு சொல்லிட்டேன். அந்த வாரம் நாங்க ஸ்பெயினுக்கு டூர் போயிருந்தோம். பொண்டாட்டி பீச்சுல எடுத்த போட்டாவ ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா. பக்கத்து வூட்டு தசரதன்தான் குடிசை கட்டுனாராம். அன்னிக்கே தங்கச்சி என் நம்பர பிளாக் பண்ணிட்டா. தப்பு என்னுதுதான், மூடி மறைக்கல. அந்தச் சீரத்தான் இப்ப எடுத்துகினு போறேன். ஆனா அவளுக்கு எங்க வூட்லருந்து மொதல்ல போனது அந்த எச்சக் காசு ரெண்டு பவுண்டுதான்.

காவ்யாவுக்கு என்மேல கோவமே இல்லக்கா. அவங்கம்மாவுக்குத் தெரியாம வீடியோ கால்ல வந்து எங்க புள்ளையோட வெளாடுவா. அதனாலதான் அந்தப் போஸ்டரப் பாத்ததும் புள்ள ஓடிப்போயி தடவிகினு, காயாக்கா, காயாக்கான்றான். டீச்சரம்மா என்னத் திரும்பிப் பாத்து, இவ உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணான்னு கேட்டாங்க. சுத்தி அத்தன தாய் தகப்பனுங்க நிக்கறாங்க, கையில கேக்கோட. தெரியாதுன்னுட்டேன். எங்க ஊரு பொண்ணுங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், புள்ள கொழம்பிட்டான்னு சொல்லிட்டேன்.

மறுநாளே டிக்கெட் போட்டேன். முள்ளிப்பட்டா இது? கொஞ்சம் வழி வுடுங்கக்கா, எறங்கிக்கறேன்.